நீலத்துணி போன வழி

மண்ணாடிப்பட்டு

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. "ஆப்பிரிக்க அடிமை வரலாறு பாடத்துல இருக்கு, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று போனில் கேட்டாயே. சம்பந்தம் புதுச்சேரித் தறியில் இருக்கிறது, கண்ணு.

18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்த கருநீலப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'கினே'. கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா போன அந்தத் துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் இறக்கினார்கள். ஆள் வியாபாரம் நின்ற பிறகும் செனகல் ஆற்றோரத்தில் வேலம்பிசின் வாங்க அந்தத் துணியே பணமாகப் புழங்கியது. ஐரோப்பிய ஆலைகள் அதே மாதிரி நெய்து அனுப்பிப் பார்த்தன. அங்கே வாங்குகிறவர்கள் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, புதுச்சேரித் துணியையே கேட்டார்கள்.

1848-இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய முதலாளி சொன்ன கூலிக்கு நிற்கவில்லை. உடனே தோட்டக்காரர்களின் கண் நம் பக்கம் திரும்பியது. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை மார்த்தினிக்கில் இறக்கியது. 1883-க்குள் அந்த ஒரு தீவுக்கு மட்டும் சுமார் 25,000 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள், ஏறியது புதுச்சேரி, காரைக்கால் துறைகளில். கறுப்பர்களின் கூலியை உயரவிடாமல் அமுக்கத்தான் இவர்களைக் கொண்டுபோனார்கள். அப்புறம் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகும்? ஏழைக்கு ஏழையைப் போட்டியாக நிறுத்தியது யார் என்று யோசித்துப் பார்.

யோசித்தவர்கள் இருந்தார்கள். மார்த்தினிக்கின் வடக்கே பாஸ்-புவாந்த் என்று ஓர் ஊர். அந்தப் பக்கம் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் தப்படித்துப் படையல் போடும் தமிழ் வம்சத்தார் இருக்கிறார்கள். 1913-இல் அங்கே பிறந்த எமே செசேர், கறுப்பு என்ற வசையையே தலைநிமிரும் சொல்லாக்கிய கவிஞர். 1939-இல் வெளிவந்த தம் நெடுங்கவிதையில் கறுப்பரோடு யூதரையும் இந்தியரையும் சேர்த்தே அவமானப்பட்ட மனிதராகப் பாடினார். குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம், ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1904-இல் வழக்காடத் தொடங்கினார்; 1923-இல்தான் அது கிடைத்தது.

நம்மவர் நெய்த துணி ஆப்பிரிக்கர்களுக்கு விலையானது. நம்மவர் உடம்பு அவர்கள் விட்டுப்போன வேலைக்குப் போனது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வரலாறு முழுசாகும். பரீட்சையில் 1848-ஐ எழுதியதும் பேனாவை வைத்துவிடாதே, 1853-ஐயும் எழுது.

அன்புடன்,
பெரியப்பா