கட்டுபெத்தையில் படிக்கும் மருமகனுக்கு: வானம் பார்க்க எங்கே போவது?

குறிஞ்சாக்கேணி

அன்பின் மருமகனுக்கு,



அமெரிக்கத் தேசியப் பூங்கா ஒன்றில் வனக் காவலர் பச்சை லேசரை நீட்டி வெள்ளிகளைக் காட்டும் வீடியோவை அனுப்பி, “இலங்கையில் இதற்கு எந்தப் பூங்காவுக்குப் போகலாம், எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?” என்று கேட்டிருக்கிறாய். பூங்காவும் வேண்டாம், தொலைநோக்கியும் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் மாமாவின் பதில். முகத்தைச் சுளிக்காமல் மிச்சத்தையும் வாசி.

அமெரிக்காவின் பாலைவனப் பூங்காக்கள் இருட்டாக இருப்பது இயற்கை கொடுத்தது. அங்கே சனம் கூடி வானம் படிப்பதற்குப் பின்னால் பெரிய வேலை கிடக்கிறது. யூட்டா மாநிலத்தின் நேச்சுரல் பிரிட்ஜஸ் 2007இல் உலகின் முதலாவது சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. அதை வழங்கும் அமைப்பு 1988இல் தொடங்கியது. எங்கள் இடம் இருட்டு என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் அவர்கள் சான்றிதழ் தருவதில்லை. பூங்காவின் விளக்குகள் நிலத்தை மட்டும் பார்க்கவேண்டும், வானத்தின் இருட்டைக் கருவி வைத்து அளந்து காட்டவேண்டும், வருகிறவர்களுக்கு இரவில் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். நீ பார்த்த வனக் காவலர் அந்த மூன்றாவது நிபந்தனையின் ஆள்.

நமக்குப் பக்கத்தில் பார்க்கவேண்டியது மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம். 2024 ஜனவரியில் அது இந்தியாவின் முதலாவது இருள்வானப் பூங்காவானது, ஆசியாவில் ஐந்தாவது. புலிக்காட்டுக்குள் ஆட்களை இராத்திரியில் நடக்கவிட முடியாதல்லவா? ஆகவே காட்டின் ஓரப் பகுதியில் வானம் பார்ப்பதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கித் தொலைநோக்கியை வைத்தார்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளையும் பொது விளக்குகளையும் நிலம் பார்க்கத் திருப்பினார்கள். லடாக்கின் ஹன்லே இன்னொரு மாதிரி. ஏறத்தாழ 4,500 மீற்றர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீற்றர் தொலைநோக்கி நிற்கும் அந்த மலையைச் சுற்றி 1,073 சதுர கிலோமீற்றர் நிலத்தை 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்தக் கிராமத்துப் பெண்களும் ஆண்களும் பயிற்சி பெற்று, வரும் விருந்தாளிக்குச் சனியின் வளையத்தைக் காட்டி உழைக்கிறார்கள். படித்த பட்டணத்தார் வந்து காட்டிவிட்டுப் போகும் ஏற்பாடாக அதை வைக்காததில்தான் அதன் கெட்டித்தனம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பூங்காக்களின் வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும், மாலை ஆறு மணிக்கு மூடும். 1938இலிருந்து இருக்கும் வில்பத்து, யால என்றாலும் சரி, கந்தளாய்க்கு அந்தப் பக்கம் 2002இல் பிரகடனமான கவுடுல்ல என்றாலும் சரி, இதுதான் சட்டம். வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாவையோ முகாமிடத்தையோ முன்பதிவு செய்தால் இரவு உள்ளே தங்கலாம், ஆனால் அந்த முற்றத்தைத் தாண்டக்கூடாது. யானை வரும் பாதையில் அண்ணாந்து நிற்கிறவனுக்கு முன்னால் வருவதும் தெரியாது, பின்னால் வருவதும் தெரியாது. திணைக்களத்தின் மேல் கோபப்பட இதில் ஒன்றுமில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. காட்டுக்குள் மரம்தான் அடிவானம். பங்களா முற்றத்தில் உச்சி வானம் அருமையாகக் கிடைக்கும். தெற்கே தாழ்ந்து எழும் வெள்ளிகளைப் பாலையும் வீரையும் மறைத்துவிடும். நம் மாவட்டத்தின் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது, நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான், சுற்றிவரக் கடல், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதுவும் பகலுக்கு மட்டும். இரவில் தோணி எடுக்கும் பேச்சையே எடுக்காதே. நம் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளை நாம் பறிகொடுத்த 2021 நவம்பர் 23க்குப் பிறகு, ஏன் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆக, எங்கே போவது? வீட்டுக்கு வா.

குறிஞ்சாக்கேணி கிட்டத்தட்ட 8.5 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. பொறியியல் படிக்கிறவனுக்கு இந்த ஓர் எண் போதும், மிச்சத்தைக் கணக்குச் சொல்லும். துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து அதே 8.5 பாகை உயரத்தில் அசையாமல் நிற்கும். தெற்கே, வானத்தின் தென்முனையைச் சுற்றி 8.5 பாகை ஆரத்துக்குள் கிடக்கும் சின்ன வட்டம் மட்டும் நமக்கு ஒருபோதும் எழாது. வேறெல்லா வெள்ளியும் வருடத்தில் ஒரு நேரமாவது இந்த ஊருக்கு மேலே வந்தாகவேண்டும். நீ ஆசைப்படும் நெவாடாவின் கிரேட் பேசின் பூங்கா 39 பாகையில் இருக்கிறது. அங்கே தென்சிலுவை எழுவதே இல்லை. பால்வீதியின் மையம் அங்கே உச்சமேறும்போதும் அடிவானத்துக்கு 22 பாகைக்கு மேலே போகாது. இங்கே அது 52 பாகைக்கு ஏறும். காற்று அவர்களுடையது சுத்தம், உலர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் வானத்தின் பரப்பு நமக்குத்தான் கூட.

செய்து பார்க்கவேண்டியது இதுதான். மே நடுப்பகுதியில், இரவு ஒன்பது மணிக்கு, வயல் வரம்பில் தெற்குப் பார்த்து நில். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டியாக இரண்டு வைத்தால் அங்கே தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்பக்கம் பளிச்சென்று இரண்டு வெள்ளிகள். சிலுவைக்குத் தூர இருப்பது அல்பா சென்டோரி, 4.4 ஒளியாண்டில் நம் சூரியனுக்கு அடுத்த வீட்டுக்காரன். ஒரு மணித்தியாலம் பொறுத்து, தெற்கே மூன்றரை முஷ்டி உயரத்தில் பஞ்சுத்துணுக்கு மாதிரி ஒரு மங்கல் புள்ளியைத் தேடு. ஒமேகா சென்டோரி. ஏறத்தாழ ஒரு கோடி வெள்ளிகள் உருண்டையாகத் திரண்ட கொத்து அது. பிறகு அப்படியே திரும்பி வடக்கைப் பார். சப்தரிஷி மண்டலம் நாலு முஷ்டி உயரத்தில் கவிழ்ந்து தொங்கும். அதன் முகப்பு வெள்ளிகள் இரண்டையும் இணைத்துக் கோட்டைக் கீழே நீட்டினால் துருவ நட்சத்திரம் இருக்கவேண்டிய இடம் வரும். அது நேரே சீனக்குடாவுக்கு மேலே. அந்தப் பக்கத்து விளக்கெல்லாம் சேர்ந்து வடக்கு அடிவானத்தை வெளுக்க வைத்திருப்பதால், துருவம் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. தெற்கு இன்னும் தப்பியிருக்கிறது.

காலம் பார்த்து வரவேண்டும். மாரி இறங்கினால் ஐப்பசி கடைசி முதல் தை வரைக்கும் மேகம்தான். ஓரியன் உச்சமேறும் நல்ல மாதங்கள் அதிலேயே போய்விடும். மாசி, பங்குனியில் மேற்கே சாயும்போது பிடித்துக்கொள். கச்சான் வீசும் ஆனியும் ஆடியும் நமக்குப் பொற்காலம். ஜூலையில் இரவு ஒன்பதுக்கு விருச்சிகம் தெற்கே வாலைச் சுருட்டியபடி முழுசாகத் தெரியும். அதன் வாலருகே பால்வீதி தடித்துக் கிடக்கும் இடம்தான் நம் அண்டத்தின் மையம் இருக்கும் திசை. நிலவுக் கணக்கை உனக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. இன்றைக்குப் பிறை எத்தனை என்று குமர்ப்பிள்ளை முதல் கிழவன் வரை தெரிந்த ஊர் இது. பிறை 20க்குப் பிறகு முன்னிரவு இருட்டாகக் கிடைக்கும். பிறை 25இலிருந்து அடுத்த மாதம் 3 வரை வா.

பிறை பார்க்கப் போனவனுக்கு வானியலில் பாதிப் பாடம் முடிந்த மாதிரிதான். சூரியன் பட்ட இடத்தை மனதில் குறிப்பது, கண்ணை அலையவிடாமல் ஒரு துண்டு வானத்தைத் தடவுவது, கண்டேன் என்று அவசரப்பட்டுக் கத்தாமல் பக்கத்தில் நிற்பவனிடம் கேட்பது, எல்லாம் அதில் உண்டு. சந்திரன் சூரியனிலிருந்து சுமார் 7 பாகை விலகும்வரை பிறை கண்ணுக்குத் தென்படாது என்று பிரான்சின் அந்திரே தன்ஜோன் 1930களில் கணித்தார். அடுத்த முறை பிறை தெரிந்ததா இல்லையா என்று சண்டை வந்தால் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள். ஆனால் பெரியவர்கள் முன்னால் மெதுவாகச் சொல். இன்னொன்று: பாரசீகத்தின் அல் சூஃபி 964ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய நூலில் ஒரு சின்ன மேகத்தைக் குறித்து வைத்தார். அது அண்ட்ரொமீடா அண்டம், 25 இலட்சம் ஒளியாண்டுத் தூரம். அவரிடம் இருந்தது வெறும் கண். செப்டெம்பர் கடைசியில் இரவு பத்தரைக்கு மேல் வடகிழக்கில் உனக்கும் அது தெரியும்.

தொலைநோக்கி வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுவே. கடைகளில் கிடைக்கும் மலிவான தொலைநோக்கியின் மூன்றுகால் நடுங்கும். வெள்ளி வட்டத்துக்குள் வருவதும் ஓடுவதுமாக இருக்கும். ஒரு மாதத்தில் அலுமாரிக்கு மேலே போய்விடும். 7x50 அல்லது 10x50 பைனாகுலர் ஒன்று வாங்கு. வியாழனின் நாலு சந்திரன்களை அது காட்டும், பகலில் பறவைக்கும் உதவும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், போன் திரை ஒரே ஒரு தடவை முகத்தில் அடித்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். டோர்ச்சின் வாயில் சிவப்புத் தாளைக் கட்டு.

பெரிய கருவி தொட ஆசையென்றால் அதுவும் உன் காலடியிலேயே இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் உன் பல்கலைக்கழகம் இருக்கும் அதே கட்டுபெத்தையில்தான். ஜப்பான் உதவியில் வந்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996 முதல் அங்கே நிற்கிறது. கிளார்க்கே ஒரு வகையில் நம் மாவட்டத்து விருந்தாளி: 1956இல் அவரும் மைக் வில்சனும் கோணமலைப் பாறையடியில் முக்குளித்துக் கோயிலின் இடிபாடுகளைக் கடலடியில் கண்டார்கள். விண்வெளியைப் பற்றி எழுதியவரை இந்தத் தீவுக்கு இழுத்து வந்தது கடல்தான் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அங்கே பொதுமக்களுக்கான இரவு எப்போது என்று விசாரித்துப் போ. கொழும்பு வானம் வெளுத்ததுதான். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பழகுவதற்கு அது போதும். தமிழ்நாட்டுக்குப் போகக் கிடைத்தால் ஜவ்வாது மலையில் காவலூர். 1986இல் திறந்த 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே காட்டுக்குள் நிற்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு வெள்ளியை மறைத்தபோது அதன் வளையங்கள் முதன்முதலாக வெளிப்பட்டன அல்லவா, அந்த நிகழ்வைக் காவலூரிலும் பதிந்தார்கள்.

கடைசியாக ஒரு வேலை, பொறியியல் மாணவன் என்பதால். 2023இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. சாதாரணச் சனம் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்து, 2011 முதல் 2022 வரை இரவு வானம் ஆண்டுக்குச் சராசரி 9.6 வீதம் வெளுத்துவருவதாகக் கண்டார்கள். ஏழெட்டு வருடத்தில் இரட்டிப்பு. குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து போனவை. திருகோணமலைக் குடா அந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? ‘குளோப் அட் நைட்’ என்ற அந்தத் திட்டத்துக்கு யாரும் அனுப்பலாம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தின் முனையில் ஒன்று, நம் வயலில் ஒன்று, நிலாவெளிக் கரையில் ஒன்று என்று ஒரே இரவில் மூன்று குறிப்பு எடு. விளக்கு வேண்டாம் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. இருட்டில் வீடு திரும்பும் பெண்பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டும். மேலே சிந்துகிற வெளிச்சத்துக்கு ஒரு தகட்டு மூடி எப்படிப் போடலாம், என்ன செலவாகும் என்பதை வரைந்து கொண்டுவா. பிரதேச சபையில் பேச ஆள் இருக்கிறது. பேசுவதற்குக் கையில் படம்தான் இல்லை.

மே விடுமுறைக்கு வரும்போது நீளக்கை சேர்ட் இரண்டு வை, வயலில் நுளம்பு அதிகம். உம்மாவிடம் என் ஸலாத்தைச் சொல்.

துஆவுடன்,
மாமா