சாந்தோம் முதல் பெசன்ட் நகர் வரை

கேள்வி: சாந்தோம் முதல் பெசன்ட் நகர் வரையிலான கடற்கரையைத் தேசியப் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கலாமா?
– ஒரு வாசகி, அடையாறு

பதில்: அந்தப் பெயர் அமெரிக்காவுக்குச் சொந்தம். இயற்கை, வரலாறு, மக்கள் வாழ்க்கை மூன்றும் பின்னிக் கிடக்கும் வட்டாரங்களுக்கு 1984 முதல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதைத் தருகிறது. யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை; நில உரிமையும் மாறாது.

இந்தக் கரைக்குத் தகுதி உண்டா? தாராளமாக. போர்த்துகீசியர் கட்டிய ஆலயம் நின்ற இடத்தில் 1896-இல் எழுந்தது இன்றைய சாந்தோம் பேராலயம். அடையாற்றின் தென்கரையில் 1882-இல் குடியேறிய பிரம்மஞான சபையின் ஆலமரம் ஊரறிந்தது. பெசன்ட் நகர் மணலில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் உயிர்விட்ட டென்மார்க் நாட்டவர் கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். பக்கத்திலேயே ஊரூர், ஆல்காட் குப்பங்களின் படகுகள். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள்.

சிக்கல் சட்டத்தில்தான். நினைவுச் சின்னத்துக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம், பல்லுயிருக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டம், கரைக்குத் தனி அறிவிக்கை என்று இங்கே எல்லாம் துண்டு துண்டு.

கைக்கு எட்டும் வழி, அடையாறு முகத்துவாரத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கோருவது. மதுரை அரிட்டாபட்டிக்கு 2022-இல் அப்படித்தான் கிடைத்தது. உள்ளாட்சி அமைப்பைக் கலந்து மாநில அரசே அறிவிக்கலாம். மனு எழுதும் முன் குப்பத்து மீனவர்களிடம் பேசிவிடுங்கள். படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இடம் போய்விடுமோ என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கக்கூடியது.