ஜமக்காளம் வாங்கும்போது

சென்ற ஆண்டு எங்கள் தில்லி வீட்டுக் கொலுவுக்கு வருவோர் அமர, மலிவாக ஒரு ஜமக்காளம் வாங்கினேன். "பவானி" என்றார் கடைக்காரர். ஊரிலிருந்து வந்த பெரியம்மா புரட்டிப் பார்த்து, "இது விசைத்தறிடா" என்றார்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரிட்டிஷ் ஆலைத் துணியின் போட்டியைச் சமாளிக்கப் பவானி நெசவாளர்கள் முரட்டு நூலில் நெய்யத் தொடங்கியது இது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கியிருக்கிறது. ஆயினும் போலிகள் விலையில் வெல்கின்றன.

கைத்தறி ஓடினால் நெய்பவருக்கு மட்டுமா பிழைப்பு? சாயம் தோய்ப்பவர், பாவு ஓட்டுபவர், தார் சுற்றுபவர் என ஒரு தெருவே பிழைக்கும். (வீட்டுப் பெண்கள் தார் சுற்றினால் பெரும்பாலும் தனிக்கூலி கிடையாது; அது வேறு கதை.) நான் மிச்சம் பிடித்தது அந்தத் தெருவின் கூலியை.

இம்முறை கைத்தறி முத்திரை பார்த்து வாங்கினேன். விலை கூடுதல்தான். பெரியம்மா இன்னும் பார்க்கவில்லை.