பிரசவ அறையைப் பார்க்கப் போகும் மகளுக்கு

பண்டமாரான், கிள்ளான்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வளைகாப்பு முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாய் என்பதையும், அதற்கு முன்பே கிள்ளானில் உள்ள தனியார் மருத்துவமனைகள் சிலவற்றின் பிரசவப் பகுதிகளை நேரில் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுக்க நீயும் மாப்பிள்ளையும் உத்தேசித்திருப்பதையும் அறிந்து மிகுந்த சந்தோஷம் அடைந்தேன். பிள்ளை பிறக்குமுன் அங்கெல்லாம் போவது அபசகுனம் என்று பெரியவர்கள் சிலர் தயங்குவதாக எழுதியிருக்கிறாய். அந்தத் தயக்கத்தின் அடியில் இருப்பது அன்புதான். அவர்களுடைய இளமையில் பிரசவம் என்பது பல வீடுகளில் துக்கத்தில் முடிந்த காரியமாகையால், நடக்கப்போவதைப் பற்றி வாய்விட்டுப் பேசவும் அஞ்சினார்கள். அவர்களோடு வாதாடாதே, ஆனால் கட்டாயம் போய்ப் பார். நெடுங்காலம் பிரசவ விடுதியில் மிஸ்ஸியாக வேலை பார்த்தவள் என்ற முறையில், அங்கே எதைப் பார்ப்பது, என்ன கேட்பது என்று என்னிடம் விசாரித்திருந்தாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பெரியவர்களின் அச்சம் காரணமில்லாத அச்சமன்று. நாம் வாழும் இந்த வட்டாரத்தையே எடுத்துக்கொள். 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹம் என்ற பெயரோடு நம் துறைமுகம் திறக்கப்பட்டபோது மலேரியாக் காய்ச்சல் கூலியாட்களை வாரிக்கொண்டு போயிற்று. அதே ஆண்டில் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகுதான் ஊரும் துறைமுகமும் மனிதர் வாழத்தக்க இடங்களாயின. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டிமார் லயத்து அறையில், மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், மருத்துவச்சியின் கையை நம்பிப் பிள்ளை பெற்றார்கள். காய்ச்சலால் இரத்தம் வற்றிப்போன சரீரம், பிரசவத்தின்போது ஏற்படும் சிறு இரத்தப்போக்கையும் தாங்காது. நாடு சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டிலும் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் உயிரிழந்தார்கள். இந்த நூற்றாண்டில், கோவிட் தொற்றுக் காலம் நீங்கலாக, அந்த எண்ணிக்கை 30ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கிறது. இம்மாறுதலைக் கொண்டுவந்தவை எவை என்று யோசித்துப் பார். கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட பயிற்சிபெற்ற மருத்துவத் தாதிகள், தாய்சேய் நலக் கிளினிக்குகள், தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்த இரத்தம், நல்ல சாலைகள், 1991ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு தாய்மரணத்தையும் எவரையும் பழிக்காமல் பாடம் கற்கும் பொருட்டே ஆராய்ந்துவரும் இரகசிய விசாரணைக் குழுக்கள் ஆகிய இவைதாம். தாயைக் காப்பது கட்டடத்தின் அழகன்று, தக்க நேரத்தில் தக்கவர் அருகில் இருப்பது என்பதே என் அனுபவத்தில் நான் கண்டுகொண்ட உண்மை. இக்கடிதத்தில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான்.

மருத்துவமனையார் உன்னை முதலில் அழைத்துச் செல்லும் இடம் அநேகமாகத் தனியறையாக இருக்கும். துணைக்கு வருபவர் படுக்க நீண்ட சோபா, வெந்நீர் வரும் குளியலறை, குழந்தைக்குத் தொட்டில், சுவரில் தொலைக்காட்சி, பிரசவித்த தாய்க்கென்று விசேஷமாகச் சமைக்கப்படும் உணவின் பட்டியல் ஆகிய யாவற்றையும் காட்டுவார்கள். இவற்றை நான் இகழ மாட்டேன். வேதனைப்படும் பெண்ணுக்கு மறைவும் அமைதியும் சுத்தமான கழிவறையும் அவசியம்; அரசாங்க மருத்துவமனையின் நெரிசலான வார்டில் அவை எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அந்த அறையில் நீ தங்கப்போவது எல்லாம் நல்லபடியாக முடிந்த பிற்பாடு. அதற்கு முந்திய சில மணி நேரத்தை நீ கழிக்கப்போகும் பிரசவ அறையைக் காட்டும்படி கேள்; அங்கே யாரேனும் வேதனையில் இருப்பதால் உள்ளே விட இயலாது என்றால் அது நியாயமான காரணம், கதவருகே நின்றாவது விசாரித்துக்கொள்.

நீ விசாரிக்க வேண்டியது இரவைப் பற்றி. பகல் பத்து மணிக்குப் பார்க்கும் மருத்துவமனை வேறு, விடியற்காலை மூன்று மணிக்கு அதே மருத்துவமனை வேறு. பல தனியார் மருத்துவமனைகளில் பிரசவ நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் இரவில் தத்தம் வீட்டில் இருந்து, அழைத்தால் வருவார்கள். இது குற்றமாகச் சொல்லத்தக்கது அன்று. ஆனால் எத்தனை நிமிடத்தில் வருவார்கள், அவர்கள் வருமளவும் உன் கட்டிலருகே நிற்கும் மருத்துவர் யார், உன் நிபுணர் வெளியூர் போயிருந்தால் அவருக்குப் பதில் வருபவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் மேட்ரன் தயங்காமல் விடை சொல்ல வேண்டும். குழந்தையின் இருதயத் துடிப்பு திடீரென்று தாழ்ந்து உயிருக்கே ஆபத்து என்றாகிவிட்டால், அறுவை செய்யத் தீர்மானித்த கணத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வர வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் தங்களுக்கு வகுத்துக்கொண்ட இலக்கு. அறுவைக் கூடம் அதே மாடியிலா, வேறு மாடியிலா, இரவில் அதைத் திறக்க ஆள் இருக்கிறார்களா என்பதையெல்லாம் உன் கால்களாலேயே நடந்து பார்த்துத் தெரிந்துகொள்.

அடுத்தது இரத்தம். கர்ப்பம் முதிர்ந்த நிலையில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி கழன்ற பிறகு கர்ப்பப்பை முஷ்டியைப் போல் இறுகினால்தான் அந்தப் பாய்ச்சல் அடைபடும். அது இறுகாமல் தளர்ந்து கிடந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே தாயின் முகம் வெளுத்துவிடும். எந்தக் கோளாறும் இல்லாதிருந்த ஆரோக்கியமான பெண்ணுக்கும் இது நேரலாம் என்பதனால்தான் குழந்தை பிறந்தவுடன் எல்லாத் தாய்மாருக்கும் கர்ப்பப்பையைச் சுருக்கும் ஊசி போடுகிறோம். ஆகவே, இரத்தம் மருத்துவமனையிலேயே இருப்பில் உள்ளதா, வெளியிலிருந்து வரவழைக்கப்படுகிறதா, வரவழைப்பதானால் எவ்வளவு நேரம் ஆகும் என்று வெட்கப்படாமல் கேள். இதைக் கேட்கும் கர்ப்பிணியைப் பார்த்து எந்த நல்ல மருத்துவரும் முகம் சுளிப்பதில்லை.

குழந்தையின் விஷயமும் இதே போன்றதுதான். நம் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் இனிப்புநீர் வருவது சகஜம். அப்படிப்பட்ட தாயின் சிசுவுக்குப் பிறந்த சில மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். குழந்தை நல நிபுணர் பிரசவத்துக்கு வந்து நிற்பாரா, மூச்சுத் திணறும் சிசுவுக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்கும் கருவியும் அதைக் கையாளத் தெரிந்த தாதியரும் உள்ளனரா, இல்லாவிட்டால் குழந்தையை எங்கே அனுப்புவார்கள் என்று கேள். கிள்ளானில் பெரும்பாலும் வரும் பதில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை என்பதாகவே இருக்கும். 1985இல் திறக்கப்பட்ட அந்த அரசாங்க மருத்துவமனை, நாட்டிலேயே மிகுதியான பிரசவங்களைப் பார்ப்பவற்றுள் ஒன்று. தாய் ஓரிடத்திலும் சேய் வேறிடத்திலுமாகக் கிடந்து தவிக்கும் நிலையை நான் கண்டிருக்கிறேன். உனக்கு அபாயக் குறி ஏதேனும் இருக்கிறதென்று வைத்தியர் சொன்னால், தனியறையின் சௌகரியத்தைத் துறந்து ஆரம்பத்திலேயே பெரிய மருத்துவமனைக்குப் போவதே உத்தமம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கை சுத்தத்தையும் கவனி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னா நகரத்து மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதற்பகுதியில், மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பகுதியைவிடப் பன்மடங்கு தாய்மார் பிரசவக் காய்ச்சலால் மாண்டார்கள். காரணம் எந்தப் பேராசிரியருக்கும் விளங்கவில்லை. ஆனால் ஊரிலிருந்த ஏழைப் பெண்களுக்கு எந்தப் பகுதி கொல்லும், எந்தப் பகுதி பிழைக்கவிடும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது, முதற்பகுதியில் சேர்க்க வேண்டாமென்று மண்டியிட்டு அழுதார்கள். பிணங்களை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணமென்று ஊகித்த செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், 1847இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவும்படி கட்டளையிட்டார். மரணங்கள் சட்டென்று குறைந்தன. எந்த இடம் நல்ல இடம் என்பதைப் பிள்ளை பெறப்போகிறவள் தானே விசாரித்துத் தெரிந்துகொள்வது அன்றும் அவள் உயிரைக் காத்தது. நீ நடந்து செல்லும் வழியில் கை கழுவும் தொட்டி எங்கே இருக்கிறது, உள்ளே வருபவர்கள் உண்மையில் கழுவுகிறார்களா என்று பார்.

சிசேரியன் பற்றிக் கேட்டிருந்தாய். அது உயிர் காக்கும் சிகிச்சை. அவசியப்பட்டால் ஒரு கணமும் தயங்காதே. ஆனால் அவசியமில்லாமல் செய்துகொள்வதை நான் ஒப்பவில்லை. ஒரு சமூகத்தில் நடக்கும் பிரசவங்களில் நூற்றுக்குப் பத்துக்குமேல் அறுவையால் நடப்பதனால் தாய்சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தெரிவித்தது. மருத்துவமனையில் தலைப்பிரசவக்காரிகளுள் எத்தனை பேருக்கு அறுவை நடக்கிறது என்று கேள். சொல்ல மறுத்தால் அதையும் மனத்தில் குறித்துக்கொள். நட்சத்திரமும் நல்ல நேரமும் பார்த்துத் தேதி குறித்து அறுத்தெடுக்கும் வழக்கம் நம்மவரிடையே பரவிவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 39 வாரம் நிறையுமுன் காரணமின்றி அறுவையால் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத் தொல்லை அதிகமாக வருகிறது. ஜாதகம் குழந்தை பிறந்த நேரத்துக்குக் கணிக்கப்படட்டும். ஜாதகத்துக்காகக் குழந்தை பிறக்க வேண்டாம்.

மாப்பிள்ளையோ உன் அம்மாவோ கடைசிவரை உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க அனுமதி உண்டா என்றும், பிறந்த குழந்தையைத் துடைத்தவுடன் உன் மார்பில் போடுவார்களா, இரவில் உன்னருகிலேயே விடுவார்களா, கேட்காமல் மாவுப்பால் புகட்டுவார்களா என்றும் தெரிந்துகொள். 1939இலேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று ஏழைத் தாய்மாரிடம் விற்பதால் நேரும் சிசு மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்று சாடிப் பேசினார். அரசாங்க மருத்துவமனைகள் அனைத்தும் தாய்ப்பாலுக்கு ஆதரவான மருத்துவமனைகள் என்று அங்கீகாரம் பெற்ற பெருமை 1998இல் நம் நாட்டுக்குக் கிடைத்தது. நீ போகும் தனியார் மருத்துவமனைக்கும் அந்த அங்கீகாரம் உண்டா என்று கேட்க உனக்கு உரிமை உண்டு.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதே. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரச் சட்டமும் 2006இல் நடப்புக்கு வந்த அதன் விதிகளும், உத்தேசச் செலவை முன்கூட்டிக் கேட்டறியும் உரிமையை நோயாளிக்குத் தருகின்றன. மருத்துவர் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அறை வாடகைக்கும் மருந்துக்கும் உபகரணங்களுக்கும் அத்தகைய வரம்பு இல்லை, பட்டியல் பெருகுவது அங்கேதான். விளம்பரத்தில் காணும் பிரசவப் பாக்கேஜ் இயல்பான பிரசவத்துக்கா, முதுகில் போடும் வலிநீக்கி ஊசி அதில் அடக்கமா, குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்து நீலவிளக்கில் வைத்தால் யார் கணக்கு, பாதியில் அறுவையாக மாறினால் எவ்வளவு என்பதை எழுத்திலேயே வாங்கிக்கொள். நம் கையிலுள்ள மருத்துவ அட்டைகளில் பெரும்பாலானவை பிரசவச் செலவை ஏற்பதில்லை.

எந்த மருத்துவமனையைத் தெரிந்தெடுத்தாலும், பண்டமாரான் சுகாதாரக் கிளினிக்கில் பதிவு செய்துகொண்டு அவர்கள் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தைக் கைவிடாதே. இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று உன் அபாயத்தின் அளவைக் காட்டும் நிறக்குறியும் அதில் இருக்கும்; நடு இரவில் உன்னை முன்பின் பார்த்திராத மருத்துவருக்கு ஒரே பார்வையில் உன் நிலையைச் சொல்லும் சாசனம் அது.

வழியையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடு. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நெரியும் நேரத்தில் நம் சாலைகள் எப்படி அசையாமல் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளானிலும் பக்கத்துத் தாமான் ஸ்ரீ மூடாவிலும் சாலைகள் நீரில் மூழ்கியதை நாம் கண்டோம். ஆகையால் மாற்று வழி ஒன்றும் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். 2023 ஜனவரி முதல் உனக்கு 98 நாள் பிரசவ விடுப்பும் அவருக்கு ஏழு நாள் விடுப்பும் சட்டப்படி உண்டு. இருவரும் இப்போதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிரசவப் பகுதியை நேரடியாக அழைக்கும் தொலைபேசி எண்ணை வாங்கி உன் அம்மாவிடமும் மாப்பிள்ளையிடமும் கொடுத்துவை. கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகம் வீங்குதல், இரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாக உனக்குத் தோன்றினாலும், வலி வரட்டுமென்றோ பொழுது விடியட்டுமென்றோ காத்திராமல் அந்தக் கணமே புறப்பட்டுப் போ. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால், மறுபடி சந்தேகம் வரும்போது மறுபடியும் போ.

உன் அன்புள்ள,
பெரியம்மா