குறி நோக்கா விற்பயிற்சி

விற்பயிற்சி என்றவுடன் பாரதக் கதையில் துரோணர் மரத்தின்மேல் ஒரு பறவையை அமைத்துத் தம் மாணாக்கரைச் சோதித்ததும், அருச்சுனன் அதன் தலையன்றி வேறொன்றுங் காணேன் என்று விடையிறுத்ததும் யாவர்க்கும் நினைவுக்கு வரும். ஆயின் அச்சோதனை நிகழ்ந்தது பயிற்சியின் தொடக்கத்தில் அன்று. படைக்கலப் பயிற்சி முற்றிய பின்னரே என்பதைப் பலர் கருதுவதில்லை. குறியை நோக்குமுன் கற்கவேண்டுவது யாது? அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வில்லாசிரியர் கையாளும் முறை ஒன்றுண்டு. இறுகக் கட்டிய வைக்கோற்கட்டு ஒன்றைத் தோளளவு உயரத்தில் நிறுத்தி, அதில் வட்டமோ புள்ளியோ எழுதாது, 2 அல்லது 3 மீட்டர் தொலைவில் மாணாக்கரை நிற்கச் செய்வர். அத்துணை அண்மையில் அம்பு தவறுதற்கு இடமின்மையின் கண்ணுக்கு வேலையில்லை. சிலர் கண்ணை மூடிக்கொண்டே எய்வர். கருத்து முழுதும் உடலின்மேற் செல்லும். காலூன்றும் நிலை, வில்லை இறுகப் பற்றாது தாங்கும் கை, நாணை ஒவ்வொரு முறையும் முகத்தின் ஒரே இடத்திற்குக் கொணரும் கை, முதுகுத்தசையின் இழுப்பு, விரல் நெகிழ்தல், அம்பு நீங்கிய பின்னும் நிலை குலையாமை ஆகிய இவற்றுள் ஒருபொழுதில் ஒன்றனையே எடுத்துப் பயில்வர். அம்பு தொடாமல் நாணை வலித்து விடுதல் மட்டும் ஆகாது; அம்பிற் செல்லவேண்டிய விசை வில்லிற்கே மீண்டு அதனை முறித்துவிடும்.

இதன் பயன் யாதெனின், கூறுதும். ஒலிம்பிக் போட்டியில் குறி நிற்பது 70 மீட்டர் தொலைவில். அதன் குறுக்களவு 122 சென்டிமீட்டர். எய்யுந் திசை ஒரு பாகை பிறழ்ந்தால் அம்பு நடுவினின்றும் ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் விலகிக் குறியையே தாண்டிச் செல்லும். தவறு தோன்றுவது குறியில், பிறப்பதோ கையில். குறியை மட்டுங் காண்பவர், அம்பு இடப்புறஞ் சென்றால் அடுத்ததை வலப்புறந் தள்ளுவர். கையின் குற்றம் அப்படியே நிற்கும். நாளடைவில் குறி கண்ணிற் பட்ட அளவிலே விரல் தானே நெகிழ்ந்துவிடும் நடுக்கமும் சிலரைப் பற்றுவதுண்டு. அதற்கு ஆசிரியர் கூறும் மருந்து, குறியைச் சிலகாலம் அகற்றிவிடுதலே. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாவத்தைக் குறிக்கும் ஹமார்த்தியா என்னுஞ் சொல்லுக்குக் குறி தப்புதல் என்பது பழம்பொருள் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஜப்பானியர் இப்பயிற்சிக்கென வைத்திருக்கும் வைக்கோற்கட்டை மாக்கிவாரா என்பர். 1924 முதல் 1929 வரை அந்நாட்டுச் செண்டாய் நகரில் தத்துவம் கற்பித்த ஜெர்மானியர் ஹெரிகெல், ஆவா கென்சோ என்பாரிடம் வில் பயின்றார். குறியை எய்ய விடுமுன் ஆசிரியர் தம்மைப் பல ஆண்டுகள் வைக்கோலிலேயே எய்வித்ததை அவர் 1948-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார்.

நம் முன்னோரும் நிலையைத் தனியே எண்ணினர். பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என எய்வார்க்குரிய நிலை நான்கென்பது தமிழ் நிகண்டு வழக்கு. தமிழ் பயில்வார்க்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்றுண்டு. யாப்புக் கற்போர் முதற்கண் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று ஓதுகின்றோம். அவ்வாய்பாட்டால் யாதொரு பொருளையும் சொல்ல முயல்வதில்லை. செவி ஓசைக்குப் பழகுகின்றது. பழகிய பின்னரே பாட்டு.

குறி வேண்டா என்பது எம் கருத்தன்று. குறியின்றேல் வில்லுக்குப் பயனில்லை. பிழைபட்ட நிலையைப் பன்முறை செய்தால் பிழையே நிலைத்துவிடுமாதலால், அருகிருந்து நோக்குவார் ஒருவரும் வேண்டும். செந்துறை வட்டாரத்துச் சிற்றூர்களில் 70 மீட்டர் எய்களம் அமைத்தல் எளிதன்று. ஆயின் வைக்கோலும், பின்னே ஆள் நடமாட்டமில்லாத சிறிது இடமும் அரியவல்ல. விற்கலையை அங்குத் தொடங்க விழைவார்க்கு இது தடையாகாது.

மாணாக்கராகிய எமக்கும் இதில் ஒரு பாடமுண்டு. மதிப்பெண் எம் குறி. அம்பு எங்கு வீழ்ந்தது என்பதையே அஃது அறிவிக்கும்; ஏன் வீழ்ந்தது என்பதை அறிவிக்கமாட்டாது. குறைந்த எண்ணைக் கண்டு தம்மையே இகழ்ந்து நிற்கும் தோழர், தேர்வை எண்ணாது நாள்தோறும் ஒரு நாழிகை, ஒரு செய்யுளைச் சீர் பிரித்தும் ஒரு பத்தியைப் பிழையற எழுதியும் பழகுவாராக. கை திருந்தினால் குறி தொலைவில் நிற்பதில்லை.