ஒரு கடற்கரை நகரின் கவுன்சில் தேர்தல்



பிரைட்டன், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கூழாங்கல் கடற்கரை நகரம். அதுவும் பக்கத்து ஊரான ஹோவும் 1997-இல் ஒரே கவுன்சிலின் கீழ் வந்தன. குப்பை அள்ளுவது, சாலை, வாகன நிறுத்தம், நூலகம், முதியோர் பராமரிப்பு, கடற்கரைக் கழிப்பறை ஆகியவை அதன் பொறுப்பு. காவல்துறையும் மருத்துவமனையும் அதன் கையில் இல்லை. செலவில் ஒரு பகுதி, வீட்டுக்கு வீடு வசூலாகும் கவுன்சில் வரியிலிருந்து வருகிறது.

4 ஆண்டுகளுக்கு ஒருமுறை, மே மாத வியாழக்கிழமை ஒன்றில் தேர்தல் நடக்கும். மொத்தம் 23 வார்டுகள், 54 கவுன்சிலர்கள். ஒரு வார்டுக்கு 2 அல்லது 3 பேர். வாக்காளருக்கும் அத்தனை வாக்குகள். வேட்பாளர் டெபாசிட் கட்டத் தேவையில்லை. வாக்குச்சாவடி காலை 7 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். இயந்திரம் இல்லை, மறைப்புக்குள் நூலில் கட்டிய பென்சில் இருக்கும், அதைக் கொண்டு வாக்குச்சீட்டில் பெருக்கல் குறி போட வேண்டும். கடைசி இடத்துக்கு இருவர் சம வாக்குப் பெற்றால் குலுக்கல் முறையில் முடிவாகும்.

பிரிட்டனிலேயே பசுமைக் கட்சி முதன்முதலில் நிர்வாகத்துக்கு வந்த கவுன்சில் இதுதான். 2011-இல் 23 இடங்கள் பெற்று, பெரும்பான்மை இல்லாமலே 2015 வரை நடத்தியது. 2020-இல் மீண்டும் பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் குப்பை ஊழியர் வேலைநிறுத்தம்; தெருவெங்கும் பைகள் மலையாகக் குவிந்தன. கவுன்சில் வழியாக வந்த சுமார் 3.6 கோடி பவுண்டு கடனில் எழுப்பப்பட்டு 2016-இல் திறந்த 162 மீட்டர் கடற்கரைக் கோபுரத்தை நடத்திய நிறுவனமோ, தவணையை ஒழுங்காகக் கட்டவில்லை.

2023 மே 4 தேர்தலில் தொழிற்கட்சி 38 இடங்களைப் பிடித்தது. 2019-இல் 19 இடங்கள் வென்றிருந்த பசுமைக் கட்சி 7 இடங்களோடு நின்றது. ஒரே கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்தது 20 ஆண்டுகளில் அதுவே முதல்முறை. தோல்விக்கு ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. ஆனால் உள்ளாட்சி வாக்காளர் வாசலில் கிடக்கும் குப்பையையும் கணக்கில் சேர்ப்பார்.

அந்தத் தேர்தலிலிருந்து சாவடியில் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். காமன்வெல்த் நாட்டுக் கடவுச்சீட்டும் செல்லும். 18 வயது நிரம்பி, முறையான விசாவுடன் அங்கே குடியிருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் வாக்குரிமை உண்டு. எனவே பிரைட்டனுக்குப் படிக்கப் போகும் தமிழ் மாணவர், தங்குமிடம் அமைந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட வேண்டும்.