குறிசுடு கருவிகளின் சிற்றுறுப்புகளும் மின்கலங்களும்

துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெயிட்டு, உறையிலிட்டுப் பூட்டிவைத்தலில் குறிசுடுவோர் காட்டும் கருத்து யாவரும் அறிந்ததே. ஆயின், அவ்வுறையை அடுத்துள்ள சிறு பையைத் திறந்து காணின், திருகாணிகளும், சுருள்விற்களும், ரப்பர் வளையங்களும், மின்கலங்களும், எதற்குரியவை என்று உடையவரே கூறமாட்டாத சில இரும்புத் துண்டுகளும் ஒன்றோடொன்று புரண்டு கிடத்தலைக் காணலாம். குழலும் கட்டையும் எளிதிற் கெடுவனவல்ல. போட்டி நாளிற் கருவியை நிறுத்துவன பெரும்பாலும் இச்சிற்றுறுப்புகளே. ஆதலின், இவற்றைப் பேணும் முறையைக் குறித்துச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் யாம் நேரிற் கண்டதொன்றைக் கூறுவோம். 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் 60 குண்டுகளைச் சுடுதற்கு, மின்னிலக்குகள் அமைந்த அரங்கில் 75 நிமிடங்கள் அளிக்கப்படும். எம் நண்பர் ஒருவருடைய கைத்துப்பாக்கி, விசை மின்கலத்தால் இயங்கும் வகையினது. ஒரு போட்டியில் 20-க்கு மேற்பட்ட குண்டுகளை அவர் செவ்வனே சுட்டுவந்த நிலையில், விசையை அழுத்தவும் துப்பாக்கி வாளாவிருந்தது. அவர் கலங்கினாரல்லர், பையில் மாற்று மின்கலங்கள் நான்கு இருந்தமையை அறிவார். நான்கும் ஒரே வடிவின; ஒரே நிறத்தின. முதலாவதை இட்டார், பயனில்லை. இரண்டாவது இரண்டு குண்டுகளைச் சுடுவித்து ஓய்ந்தது. ஏனைய இரண்டும் அத்தன்மையனவே. முன்னர் மாற்றியபோதெல்லாம் பழையதைக் கழற்றி அப்பையிலேயே போட்டுவந்தார் போலும்! பிறரிடம் ஒரு கலத்தை இரவல் பெற்று மீண்டும் நின்றபோது பொழுதும் குறைந்திருந்தது, கையும் நடுங்கிற்று. மாற்றுக்கலம் ஒன்றுமில்லை என்று அறிந்திருப்பாராயின், முதல்நாளே கடைக்குச் சென்று வாங்கியிருப்பார். உண்டு என்னும் நம்பிக்கையே அவரைக் கெடுத்தது. வெறும் பெட்டியினும் கலந்த பெட்டி கொடிது என்பதை யாம் அன்று கண்டோம்.

மின்கலம் இக்காலத்துக் குறிசுடு கருவிகளிற் பலவிடத்தும் புகுந்துவிட்டது. ஒளிப்புள்ளியைக் கண்ணாடியிற் காட்டிக் குறிபார்க்கச் செய்யும் முறையை, அயர்லாந்து தேசத்துக் கிரப் என்னும் அறிஞர் 1900-ஆம் ஆண்டிலேயே வகுத்தார். மின்னொளியால் இயங்கும் செம்புள்ளிக் குறிகாட்டியை 1975-இல் சுவீடன் நாட்டு எய்ம்பாயிண்ட் நிறுவனத்தார் வெளியிட்டனர். இதற்குப் பெரும்பாலும் காசு வடிவான கலம் வேண்டும். வெடியோசையைத் தடுத்துப் பேச்சொலியை மட்டும் கேட்பிக்கும் செவிக்கவசத்திற்குச் சிறு உருளைக்கலங்கள் வேண்டும். குண்டின் விரைவை அளக்கும் கருவிகள் சிலவற்றிற்கு 9 வோல்ட் கலம் வேண்டும். இங்ஙனம் ஒரு பையிலேயே மூன்று நான்கு வகைக் கலங்கள் சேர்ந்துவிடுகின்றன.

காசுக்கலத்தின் முகத்திற் பொறித்துள்ள குறியீட்டை வாசிக்கக் கற்றவர் பாதித் துன்பத்தினின்று நீங்குவர். சி.ஆர்.2032 என்பதில், 'சி' என்பது லித்தியமும் மாங்கனீசு டையாக்சைடும் அமைந்த கலம் என்பதையும், 'ஆர்' என்பது வட்ட வடிவையும், 20 என்பது குறுக்களவு 20 மில்லிமீட்டர் என்பதையும், 32 என்பது தடிப்பு 3.2 மில்லிமீட்டர் என்பதையும் உணர்த்தும். 2025 என்பது அதே அகலமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. அதனை 2032-க்குரிய அறையில் இட்டால் பொருந்தியதுபோல் தோன்றும். ஆனால் அதிர்ச்சியில் தொடுமுனை விலகி ஒளி அணைந்து அணைந்து எரியும். 2016 கலங்கள் இரண்டை அடுக்கினால் தடிப்பு மிகச் சரியாக 3.2 ஆகும், ஆயினும், 3 வோல்ட்டிற்கு அமைந்த கருவியுள் 6 வோல்ட் பாய்ந்து அதனை அழித்துவிடக்கூடும். எல்.ஆர்.44, எஸ்.ஆர்.44 என்னும் இரண்டும் உருவில் இரட்டைப் பிள்ளைகள். முன்னது காரக்கலம், அதன் மின்னழுத்தம் சிறிது சிறிதாகத் தாழும். பின்னது வெள்ளி ஆக்சைடு அமைந்தது. இறுதிவரை ஏறக்குறைய ஒரே நிலையில் நின்று திடீரென வீழும். இங்கு 44 என்பது அளவைக் குறித்ததன்று; எவ்விலக்கணத்திற்கும் விதிவிலக்கு உண்டன்றோ?

மின்னழுத்தமானியால் அளந்து நல்லதையும் தீயதையும் பிரிக்கலாமே எனின், லித்தியக் காசுக்கலத்தில் அது முற்றும் பயன்படாது. புதிய கலம் 3 வோல்ட்டிற்குச் சற்று மேற்காட்டும். பெரும்பகுதி தீர்ந்த கலமும், கருவியில் இடாது வெறுமனே அளக்கும்போது, ஏறத்தாழ அவ்வளவே காட்டிவிடும். ஆகவே, பிரித்துவைத்தலும் நாள் குறித்தலுமே உறுதியான வழி. புதியதை விற்றவன் இட்ட அட்டையினின்றும் வேண்டும் பொழுதன்றி எடுத்தலாகாது. கருவியில் இட்ட நாளை ஒரு சிறு தாளில் எழுதி அக்கருவியின் உறையில் ஒட்டுக. கழற்றிய கலத்தின் இரு முகங்களையும் அக்கணமே ஒட்டுநாடாவால் மூடி வேறொரு கொள்கலத்தில் இடுக. "பிறகு பார்ப்போம்" என்று சட்டைப்பையில் போடுவோரை யாம் நம்புவதில்லை. சாவிக்கொத்தும் திருகாணியும் உள்ள பையில் 9 வோல்ட் கலத்தைத் தனியே இடுதல் பெருந்தீங்கு. அதன் இரு முனைகளும் ஒரே முகத்தில் இருத்தலின், ஓர் இரும்புத் துண்டு இரண்டையும் தொட்டவளவிற் சூடேறித் தீயும் பற்றலாம்.

பலர் மாத்திரை வைக்கும் அறைப்பெட்டிகளைக் காசுக்கலங்களுக்கு மேற்கொள்கின்றனர். திருகாணிகளுக்கு அவை மிக ஏற்றன. கலங்களுக்கோ யாம் உடன்படோம். கண்பார்வை மங்கிய முதியோர் மாத்திரை என மயங்கிச் சிறு கலங்களை விழுங்கியதுண்டு. குழந்தைகளைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. 20 மில்லிமீட்டர் கலம் சிறு குழந்தையின் உணவுக்குழலிற் சிக்கினால், அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து, எதிர்முனையருகே காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே தசையை வேகச் செய்யும். குறிகாட்டியில் ஒளி தரமாட்டாத பழைய கலத்திற்கும் இத்தீங்கினை விளைக்கும் ஆற்றல் எஞ்சியிருக்கும். 'தீர்ந்தது' என்று நாம் எறியும் கலம் உண்மையில் தீர்ந்ததன்று. குழந்தை விழுங்கியதாக ஐயம் தோன்றினும், வாந்தியெடுக்கச் செய்யாது, அந்நொடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். இத்தகைய மரணமொன்றன் பின்னரே, அமெரிக்க நாட்டில் 2022-இல், இக்கலங்களின் அறைகளைக் குழந்தை திறக்கவியலாதபடி அமைத்தல் வேண்டும் எனச் சட்டம் இயற்றினர். சில நிறுவனத்தார் கலத்தின்மேற் கசப்புப் பூச்சிடுகின்றனர், அது நற்செயலே. ஆயினும், அப்பூச்சு சில கருவிகளின் தொடுமுனையைத் தடுத்தலும் உண்டு. புதிய கலமிட்டும் ஒளி தோன்றாதாயின் இதனையும் நினைவிற் கொள்க.

இனித் திருகாணிகள். கலங்களை அளவாற் பிரித்தல் தகும். திருகாணிகளை அவ்வாறு பிரித்தல் தகாது. இரும்புக் கடைக்காரர் அளவாற் பிரிப்பர். அவர்க்கு அது வாணிகம். நமக்கோ, எத்துப்பாக்கிக்குரியது என்பதே முதல் வினா. நான்கு மில்லிமீட்டர் திருகாணியின் மரையிடைவெளி பொதுவாக 0.7 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் எட்டாம் எண் திருகாணி, 4.17 மில்லிமீட்டர் தடிப்பும், அங்குலத்திற்கு 32 மரைகளும், அதாவது ஏறத்தாழ 0.79 மில்லிமீட்டர் இடைவெளியும் உடையது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றன் துளையில் மற்றொன்றை வலிந்து முறுக்கினால், அலுமினியத்தாலாய தாங்கியின் மரை சிதைந்துபோம்; பின்னர்ச் சரியான திருகாணியும் அங்கு நில்லாது. ஆதலின், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தனிப்பை வைத்து, அதன் திருகாணி, சுருள்வில், திருகுகோல் யாவும் அதனுள்ளேயே இருத்தல் நலம்.

காற்றுத் துப்பாக்கியின் ரப்பர் வளையங்களை வெயில் படாத இடத்தில் மூடிவைக்க. அழுத்தம் 200 பார் அளவுக்கு ஏறும் உருளைகளில் சாதாரண எண்ணெயைத் தடவுதல் ஆகாது. அழுந்திய காற்றில் அது தீப்பற்றி வெடிக்கவுங் கூடும். செய்தோர் விதித்த சிலிக்கன் மசகையே பயன்படுத்துக.

செவிக்கவசத்தை நெடுநாள் எடுத்துவைப்போர் உள்ளிருக்கும் காரக்கலங்களைக் கழற்றிவிடுக. இன்றேல், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து தொடுமுனைகளை அரிக்கும். கலங்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் பழைய வழக்கம். ஈரம் படிதலின் அது வேண்டா. விமானத்திற் செல்வோர் மாற்று லித்தியக் கலங்களை முனை மூடிக் கைப்பையில் எடுத்துச் செல்லுதல் வேண்டும். சரக்கோடு அனுப்புதற்கு அனுமதியில்லை. நாடாவால் மூடிச் சேர்த்துவைத்த பழைய கலங்களைக் குப்பையில் எறியாது, அவற்றைத் திரும்பப் பெறுவோரிடம் ஒப்புவிக்க. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள், அவற்றை வீட்டுக் குப்பையோடு கலவாது தனியே ஒப்படைத்தலை நுகர்வோர் கடமையாகவே வைத்துள்ளன.